சீன ஊசி நோயைத் தீர்க்குமா?

கல்வராயன் மலையில் கடுக்காய் மரங்கள் உண்டு. மலைவாழ் மக்கள் காட்டுக்குள் போய்க் கடுக்காய் பொறுக்குகிறார்கள். காய வைத்து மூட்டையாகக் கட்டுகிறார்கள். அந்த மூட்டை மலையை விட்டு இறங்கி நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறது. தோல் பதனிடும் தொழிலுக்கும் போகிறது.

அதே கடுக்காய் சீனாவிலும் மருந்தாக விற்கிறது!

அங்கே அதற்கு "ஹெ ட்சு" என்று பெயர். தீராத இருமலுக்கும் தொண்டைக் கம்மலுக்கும் சீன வைத்தியர்கள் அதைக் கொடுக்கிறார்கள். ஆதியில் அது சீனாவுக்கு வெளிநாட்டுச் சரக்கு. அதன் பழைய பெயரான "ஹெ-லி-லெ" என்பதே சீனச் சொல் அல்ல; வெளியில் இருந்து போன சொல்.

இப்படி நம் பக்கத்தில் இருந்து கடுக்காய் கிழக்கே போயிற்று. கிழக்கே இருந்து ஓர் ஊசி நம்மிடம் வந்திருக்கிறது.

"அக்குபங்சர்" என்ற பலகை இன்று பட்டணங்களில் மட்டும் தொங்கவில்லை. சின்ன ஊர்களிலும் தொங்குகிறது. மூட்டு வலிக்காரர்கள் போகிறார்கள். முதுகு வலிக்காரர்கள் போகிறார்கள். சர்க்கரை நோய்க்காரர்களும் போகிறார்கள்.

இந்த ஊசி எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. உயிர்க் கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

பழைய உறவு

தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல.

சோழ நாட்டுத் தூதர்கள் 1015-ம் ஆண்டிலேயே சீனப் பேரரசரின் சபைக்குப் போனார்கள். சீனாவில் குவான்சௌ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோவில் கட்டி வழிபட்டார்கள்!

போகர் என்ற சித்தர் சீன தேசம் போய் வந்தார் என்று நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இரண்டு வைத்தியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெரியும்.

நம் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கிறார். சீன வைத்தியரும் மூன்று விரல்களை வைத்துத்தான் நாடி பார்க்கிறார்.

நமக்குப் பஞ்ச பூதம் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். சீனர்களுக்கும் ஐந்து உண்டு. ஆனால் அவை மரம், தீ, மண், உலோகம், நீர். மரம் கல்லீரலுக்கு. தீ இருதயத்துக்கு. மண் மண்ணீரலுக்கு. உலோகம் நுரையீரலுக்கு. நீர் சிறுநீரகத்துக்கு.

நம் ஊர் வர்மக் கலையில் 108 வர்மப் புள்ளிகள். சீனர்களின் கணக்கில் 361 புள்ளிகள்!

ஊசியின் தத்துவம்

சீன வைத்தியம் சொல்வது இதுதான்:

உடம்பில் "சீ" என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல அது 12 பாதைகளில் ஓடுகிறது. "யின்" என்றும் "யாங்" என்றும் இரண்டு தன்மைகள் உண்டு. ஒன்று குளிர்ச்சி, மற்றது சூடு. ஒன்று இருள், மற்றது ஒளி. இரண்டும் சமமாக இருந்தால் சுகம். ஒன்று மிஞ்சினால் நோய். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் வலி.

மடையைத் திறந்து விடுவது போல, உரிய புள்ளியில் ஊசி குத்தி அடைப்பை நீக்க வேண்டும். இதுதான் அக்குபங்சர்.

ஆஸ்பத்திரியில் போடும் ஊசி வேறு, இது வேறு. இதற்குள் மருந்து கிடையாது. தலைமயிர் போல மெல்லிய கம்பி. குத்திச் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்து விடுவார்கள். சில சமயம் ஒரு மூலிகையைக் கொளுத்திப் புள்ளிக்கு மேலே சூடு காட்டுவதும் உண்டு.

இந்த வைத்தியத்தின் மூல நூல் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தியது. "மஞ்சள் பேரரசர்" பெயரால் அது வழங்குகிறது.

ஆனால், சீனாவிலேயே இதற்கு எப்போதும் மரியாதை இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1822-ம் ஆண்டில் சீனப் பேரரசரே, அரண்மனை வைத்தியக் கழகத்தில் ஊசி வைத்தியத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். 1949-ல் கம்யூனிஸ்டு ஆட்சி வந்த பிறகுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. காரணம் என்ன? நாடு பெரிது. டாக்டர்கள் குறைவு. கிராமத்து மக்களுக்கு யாராவது வைத்தியம் பார்க்க வேண்டி இருந்தது.

இந்தக் காரணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்வராயன் மலைக்கு வரும்போது இது மறுபடியும் வரும்.

இந்தியாவுக்கு வந்த கதை

1938-ம் ஆண்டு. சீனாவை ஜப்பான் தாக்கிக்கொண்டிருந்த சமயம். காயம்பட்ட சீனர்களுக்கு வைத்தியம் செய்ய இந்தியாவில் இருந்து 5 டாக்டர்கள் கப்பல் ஏறினார்கள்.

அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ். அவர் 1942-ல் சீனாவிலேயே இறந்து போனார். சீனர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

இன்னொருவர் கல்கத்தா டாக்டர் பி. கே. பாசு. அவர் நாடு திரும்பினார். 1950-களின் கடைசியில் மறுபடியும் சீனா போனார். ஊசி வைத்தியத்தைக் கற்றார். கல்கத்தாவுக்கு வந்து அதைச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சர் வேரூன்றியது இப்படித்தான்.

போர்முனைக்கு உதவப் போன டாக்டர், திரும்பும்போது ஒரு வைத்தியத்தைக் கொண்டு வந்தார்!

உலகைக் கலக்கிய செய்தி

1971-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங் போயிருந்தார். அங்கே அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள்.

மறுநாள் இரவு வயிறு உப்பிசமாகி அவதிப்பட்டார். ஒரு சீன வைத்தியர் வந்தார். முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மூன்று ஊசிகள் குத்தினார். மூலிகை கொளுத்திச் சூடு காட்டினார். உப்பிசம் தணிந்தது. ரெஸ்டன் இதை "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் எழுதினார். மேல்நாடுகள் முழுவதும் ஒரே பேச்சு!

ஆனால் வாய்க்கு வாய் போகும்போது கதை மாறி விட்டது. "ஊசி குத்தியே ஆபரேஷன் செய்து விட்டார்கள்" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது தவறு. ரெஸ்டனுக்கு வழக்கமான மரப்பு மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. ஊசி வைத்தியம் ஆபரேஷனுக்குப் பிறகு வந்த உபத்திரவத்துக்கு.

கத்தி செய்ய வேண்டியதைக் கத்தி செய்தது. ஊசி செய்யக்கூடியதை ஊசி செய்தது. பீக்கிங் டாக்டர்கள் இரண்டையும் குழப்பவில்லை. நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

சோதித்துப் பார்த்தார்கள்

அப்படியானால் ஊசியில் உண்மை இருக்கிறதா, இல்லையா?

ஜெர்மனியில் முதுகு வலியால் வாடிய 1,162 பேரை வைத்துச் சோதனை நடத்தினார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று.

நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளியில் ஊசி. இரண்டாம் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி.

ஆறு மாதம் கழித்துக் கணக்கு எடுத்தார்கள்.

சரியான புள்ளி: 100-க்கு சுமார் 48 பேருக்குக் குணம் தெரிந்தது.

பொய்ப் புள்ளி: 100-க்கு சுமார் 44 பேர்.

மாத்திரையும் உடற்பயிற்சியும்: 100-க்கு சுமார் 27 பேர்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று: நாள்பட்ட முதுகு வலிக்கு ஊசி பலன் தருகிறது. இரண்டு: எந்தப் புள்ளியில் குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். அப்படியானால் 361 புள்ளிகள், 12 பாதைகள் என்ற கணக்கு ஆட்டம் காண்கிறது. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பாதைகளைக் கண்டதும் இல்லை.

பிறகு பலன் எப்படி வருகிறது?

ஊசி பட்டதும் நரம்பு தூண்டப்படுகிறது. வலியைத் தணிக்கும் சரக்கை உடம்பே சுரக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். "குணமாகும்" என்ற நம்பிக்கையும் வேலை செய்கிறது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டு, தொட்டுப் பார்க்கும் வைத்தியரின் அன்பும் வேலை செய்கிறது. அவசரத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

முதுகு வலி, முழங்கால் தேய்மான வலி, தீராத தலைவலி, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல் - இவற்றுக்கு ஊசி ஓரளவு உதவும். இது சோதனையில் கண்டது.

சர்க்கரை நோய், காசநோய், புற்றுநோய், பாம்புக்கடி - இவற்றை ஊசி தீர்க்கும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை.

சர்க்கார் சொன்னது என்ன?

2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், அக்குபங்சரை ஒரு சிகிச்சை வகையாக ஏற்றது. பதிவு பெற்ற டாக்டர்களும் உரிய பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்காளமும் மகாராஷ்டிரமும் இதற்கென்று சட்டமே இயற்றியுள்ளன.

சிலர் உடனே, "பார்த்தீர்களா, சர்க்காரே ஒப்புக்கொண்டு விட்டது! எல்லா நோயும் தீரும்!" என்கிறார்கள்.

பஸ் ஓட்ட லைசென்ஸ் கொடுத்தால், அந்த பஸ் ஆகாயத்தில் பறக்கும் என்று அர்த்தமா?

தமிழ்நாட்டில் இன்னொரு வகையும் பரவி இருக்கிறது. ஊசியே கிடையாது. விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். அவ்வளவுதான். தொடுவதால் கெடுதல் வராது. ஆனால், "மாத்திரைகளை எல்லாம் நிறுத்தி விடுங்கள், பரிசோதனை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அங்கேதான் ஆபத்து.

சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகைச் சர்க்கரை நோயில், உடம்பில் இன்சுலின் அடியோடு சுரப்பதில்லை. வெளியில் இருந்து போட வேண்டும். அதை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போய் விடும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், நோய் முன்னிலும் முரடாகத் திரும்பி வரும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

மலையின் நிலை

இனி, கல்வராயன் மலைக்கு வருவோம்.

இந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்துத்தான் மலையாளிப் பழங்குடி மக்கள் அதில் இருந்து விடுபட்டார்கள். ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மற்ற ஊர்களுக்குப் பிறகுதான் இங்கே வந்தன. இன்னும் வர வேண்டியதும் இருக்கிறது. 2024-ல் சென்னை ஐகோர்ட்டு இந்த மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ந் தேதி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12-ந் தேதி அங்கே சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி அடிவாரத்து நகரத்தில். மக்கள் மலை மேலே. வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு குடிசையில் நள்ளிரவில் பிரசவ வலி கண்டால், கீழே வந்து சேரும் நேரம்தான் தாயின் ஆயுள்.

ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில், எட்டுகிற தூரத்தில் உள்ளவரே வைத்தியர். அன்று சீனக் கிராமங்களில் நடந்ததும் இதுதான். மலையில் இருப்பவர்களை "அறியாதவர்கள்" என்று குறை சொல்லிப் பயன் இல்லை. பக்கத்தில் வேறு வழி இருந்தால்தானே அவர்கள் தேர்ந்தெடுக்க முடியும்?

நேரத்தின் அருமையைக் கள்ளக்குறிச்சி கண்ணீரோடு கற்றது. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் என்ற அந்த விஷம் வயிற்றில் போனதும் வெறும் போதை போலத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் அது உடம்புக்குள் அமிலமாக மாறுகிறது. கண்ணைக் குருடாக்குகிறது. உயிரைக் குடிக்கிறது. மாற்று மருந்தும் ரத்த சுத்திகரிப்பும் உடனே வேண்டும். அங்கே நாடியும் உதவாது, ஊசியும் உதவாது.

சீனாவிடம் கற்க வேண்டியது

சீன வைத்தியத்தில் இருந்து நாம் கற்க வேண்டிய பெரிய பாடம் ஊசி அல்ல. வேறு ஒன்று.

1960-களின் கடைசி. மலேரியாவுக்குப் பழைய மருந்து கேட்கவில்லை. து யூயூ என்ற சீனப் பெண் விஞ்ஞானியிடம் புது மருந்து கண்டுபிடிக்கும் பொறுப்பு வந்தது. அவர் பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். ஒரு மூலிகை கண்ணில் பட்டது. நம் ஊர் மரிக்கொழுந்துக்கு உறவுச் செடி அது!

கஷாயமாகக் காய்ச்சினால் பலன் சரியாக இல்லை. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நூலை மறுபடி படித்தார். மூலிகையை நீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை!

"சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது" என்று அவருக்குப் புரிந்தது. சூடு அதிகம் படாமல் சாற்றைப் பிரித்தார். 1971-ல் மிருகங்களிடம் சோதித்தார். பூரண வெற்றி. பிறகு தாமே உட்கொண்டு பார்த்தார். அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

அதுதான் ஆர்டிமிசினின். இன்று மலேரியாவுக்கு உலகெங்கும் தரப்படும் மருந்து. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-ல் து யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பழைய நூலைத் தூக்கி எறியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. படித்தார், சோதித்தார், பிறகு கொடுத்தார்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்த இருளர்கள் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டு விஷ முறிவு மருந்து தயாராகிறது. காட்டு அறிவும் விஞ்ஞானமும் கை கோத்தால் உயிர் பிழைக்கிறது!

கல்வராயன் மலை மக்களிடமும் மூலிகை அறிவு இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். சோதிக்க வேண்டும். பலன் கிடைத்தால், அதன் பெருமையும் வருமானமும் அந்த மக்களுக்கே சேர வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஊசி வைத்தியம் செய்துகொள்ள விரும்பும் வாசகர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதுகு வலி வெறும் வலியாகவும் இருக்கலாம்; எலும்பில் காசநோயாகவும் இருக்கலாம்.

வைத்தியர் எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இயற்கை வைத்தியப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். அதில் அக்குபங்சரும் கற்றுத் தருகிறார்கள்.

உங்கள் கண் முன்னே புது ஊசி உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால், மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும்.

டாக்டர் கொடுத்த மருந்தை, அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சு வலி, வலிப்பு, விஷம் - இவற்றுக்கு ஒரே வழி ஆஸ்பத்திரி. 108-க்குப் போன் செய்யுங்கள்.

சர்க்காரும் ஒன்று செய்ய வேண்டும். மலை மேலேயே இரவும் பகலும் டாக்டர் இருக்க வேண்டும். பிரசவ அறையும் விஷ முறிவு மருந்தும் இருக்க வேண்டும். "போலி வைத்தியரிடம் போகாதே" என்று தட்டி எழுதி வைத்தால் போதாது. நல்ல வைத்தியர் பக்கத்தில் இருந்தால் போலிக்குக் கூட்டம் சேராது.

கடைசியாக, மறுபடியும் கடுக்காய்.

நம் வீட்டுப் பாட்டிகள் கடுக்காயை அப்படியே இடிப்பது இல்லை. உடைத்து, கொட்டையை எறிந்து விட்டு, தோலை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். தோலில் குணம், கொட்டையில் தோஷம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சித்த வைத்தியமோ, சீன வைத்தியமோ, எந்த வைத்தியமாக இருந்தாலும் அப்படித்தான். உடைத்துப் பாருங்கள். தோலை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை எறிந்து விடுங்கள்!